பெட்டி நம் கையில் இல்லாத நேரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுநாள் கப்பல் சுற்றுலாவுக்குப் பெட்டி அடுக்குவது குறித்துத் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணிகளை மடிப்பதா சுருட்டுவதா, ஒரே கோட்டை எத்தனை சட்டைகளுடன் மாற்றி மாற்றி அணியலாம் என்பதையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால், கப்பல் அறையில் பிளக் பாயின்ட்டுகள் போதாது என்பதால் மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றையும், சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றையும் எடுத்துச் செல்லலாம் என்று அவர் கூறியிருப்பது தவறு. அந்த வரியைத் திருத்தவேண்டும் என்று சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபின், கட்டுரை முழுவதும் பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதையே பேசுகிறதே தவிர, அந்தப் பெட்டி நம் கையில் இல்லாமற்போகும் நேரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதும் உறைத்தது. நெடும் பயணத்தில் திண்டாட்டம் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் வருகிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நானும் என் மனைவியும் முதன்முதலாகச் சென்ற கப்பல் பயணம் 42 நாள் நீண்டது. துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குவோரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்; அவை ஸ்கேன் செய்யப்பட்டு, அறை எண் எழுதிய அட்டையைப் பார்த்து அவரவர் அறைவாசலுக்கு வந்து சேரும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்பதால் மாலையாகும், சில வேளை இரவும் ஆகும். மனைவியின் பெட்டி ஐந்து மணிக்கு வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. இரவு உணவு முடிந்து, கப்பல் கரையை விட்டு விலகி, நடைபாதையில் கிடந்த கடைசிப் பெட்டியும் யாரோ ஒருவர் அறைக்குள் போனபிறகு, வரவேற்பு மேசையில் விசாரித்தேன். கீழ்த்தளத்திலுள்ள பாதுகாப்பு அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருபது முப்பது பெட்டிகள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல வரிசையாகச் சுவரோரம் நின்றன. என் பெட்டியை நானே திறக்கவேண்டியிருந்தது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே நான் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைக் காவலர் வெளியே எடுத்து, சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்து, இறங்கும் நாளில் பெற்றுக்கொள்ளலாம் என்றார். மாலை ஆறு மணிக்குப் போடவேண்டிய இரத்த அழுத்த மாத்திரையும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது; அதை நான் விழுங்கியபோது மணி ஒன்பதே முக்கால். பிழை முழுவதும் என்னுடையதே. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் பயணச்சீட்டுடன் வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், மெழுகுவத்தி போன்றவற்றைக் கப்பல்கள் மறுப்பதற்குக் காரணம் தீ. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களேதான் அணைக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி மின்னழுத்தம் உடையது, மற்றொன்று ஏறத்தாழ நிலமட்டத்தில் இருப்பது; பல கப்பல்களிலோ இரண்டு கம்பிகளுமே நிலத்தோடு இணைக்கப்படாமல் தனித்து இருக்கும். வீட்டுக்கென்று செய்யப்பட்ட பாதுகாப்புக் கருவி அந்த அமைப்பில், எங்கோ ஓரிடத்தில் மின்கசிவு ஏற்பட்டால், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பல யுஎஸ்பி துளைகள் உள்ள ஒரு சார்ஜர் பெரும்பாலும் போதுமானது. அதையும் தத்தம் கப்பல் நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே முதலில் அடுக்கவேண்டியது தோளில் மாட்டும் பைதான். கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டுத் தாள், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை, பயணக்காலம் முழுவதற்கும் தேவையான மருந்து ஆகிய அனைத்தும் அதில் அடங்கவேண்டும். விமானத்தில் சென்று கப்பலேறுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் விமானத்தில் தவறிப்போன பெட்டி மறுநாள் விமான நிலையத்துக்கு வந்து சேரும்போது கப்பல் வேறொரு நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கப்பல் புறப்படும் நாளன்றே விமானம் இறங்கும்படி திட்டமிடுவது சூதாட்டம். ஒருநாள் முன்னதாகவே போய்விடவேண்டும். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் வைத்தால் விமான நிறுவனம் ஏற்காது; அதுவும் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

மருந்து குறித்துச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், நீண்ட கப்பல் பயணம் செல்வோரில் என்னைப் போன்ற முதியவர்கள் மிகுதி. பயண நாள்களுக்குத் தேவையானதைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்துக் கடையில் கொடுத்த அட்டையோடும் பெட்டியோடும், மருந்தின் வணிகப் பெயரை மட்டுமல்லாமல் பொதுப் பெயரையும் எழுதிய மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்லவேண்டும். ஒரு நாட்டில் சளிக்கு விற்கும் மாத்திரை மற்றொரு நாட்டில் குற்றப்பொருளாகலாம்: சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில துறைமுகங்களைத் தொட்டு வரும் கப்பலானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016ஆம் ஆண்டு முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும். ஆனால் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், கடைசி வாரத்தில் அவசரமாகப் போய்க் கையை நீட்டக்கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டி மூன்று நாள் வைத்திருக்கும் ஸ்கோபாலமின் ஒட்டுமருந்து கடல் மயக்கத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆயினும் கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவில் சில வகைகள் உள்ளவர்களுக்கு அது ஆகாது, முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் தரக்கூடும். இதையெல்லாம் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டும்.

விசாவில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று கையிலிருந்தால் மத்தியதரைக் கடல் முழுவதும் சுற்றிவிடலாம் என்று எண்ணுகிறோம். குரோவேஷியா 2023ஆம் ஆண்டு சனவரி முதல் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் டுப்ரோவ்னிக் உள்ளே; அங்கிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய மாண்டெனெக்ரோவின் கோட்டோர் வெளியே; துருக்கியின் குஷாதாசியும் வெளியே. இப்படி வெளியே சென்று மறுபடியும் உள்ளே வரும் பயணத்துக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு விசா வாங்கியிருக்கவேண்டும். கடவுச்சீட்டு பயணம் முடிந்தபின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பலர் அறிவர். நீண்ட பயணத்தில் முத்திரை குத்த வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. காப்பீட்டில் தேடவேண்டிய சொல், அவசர மருத்துவ இடமாற்றம். கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு, ஆனால் அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் உண்டு; பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் கரைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். அந்தச் செலவைத் தனியொருவர் தாங்குவது கடினம்.

பெட்டியும் அறையும் நம்மிடம் இல்லாத மற்றொரு வேளை, கரையில் இறங்கிச் சுற்றும் பகல். குறித்த நேரத்துக்கு வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பலின் நேரமும் அந்த ஊரின் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கைபேசி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டுவிடும் என்பதால், என் மனைவி பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதில் கப்பல் நேரத்தை மட்டுமே வைத்திருப்பார். நாள்தோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் முகவர் யார், அவரது தொலைபேசி எண் என்ன என்பது அச்சிடப்பட்டிருந்தால் அதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். கடவுச்சீட்டின் நகல், அன்றைய மருந்தோடு மறுநாள் மருந்தும், ஒரு வங்கி அட்டை ஆகியவை சட்டைப்பையில் இருந்தால் கப்பலைத் தவறவிட்டாலும் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரலாம்.

யாரும் நினைக்க விரும்பாத வேளையும் ஒன்று இருக்கிறது. 2012ஆம் ஆண்டு சனவரி 13 இரவு இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன்பின் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்றாயிற்று. அவசர அழைப்பான ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் பெட்டியைத் திறக்க நேரமிராது. அதனால் கண்ணாடி, ஒரு நாள் மருந்து, சிறு டார்ச் மூன்றையும் ஒரு சுருக்குப்பையில் போட்டுத் தலையணை அருகே மாட்டிவைக்கிறோம். பல கப்பல்களில் அறைச் சுவர் எஃகு என்பதால் காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும்.

துணி பற்றிக் கட்டுரையாளர் சொன்னதோடு ஒன்றைத்தான் சேர்ப்பேன். நூறு நாள் பயணத்துக்கும் பத்து நாளுக்கான துணியே போதும், கப்பலில் சலவை வசதி உண்டு. பார்படோஸ், ஜமைக்கா போன்ற கரீபியத் தீவுகளில் பொதுமக்கள் இராணுவச் சீருடை நிறத் துணி அணிவது சட்டப்படி குற்றம் என்பதால், அந்தப் பச்சைப்புள்ளிச் சட்டையையும் தொப்பியையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கடைசி இரவில் பெட்டி மறுபடியும் நம்மைவிட்டுப் போகும். நள்ளிரவுக்கு முன் அதைப் பூட்டி அறைவாசலில் வைத்துவிட்டால், மறுநாள் காலை கரையில்தான் பார்க்கமுடியும். எங்கள் பக்கத்து அறையிலிருந்த பெரியவர் ஒருவர் மறுநாள் உடுப்பதற்கான பேன்ட் உட்பட அனைத்தையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, விடியற்காலையில் கோடு போட்ட பைஜாமாவும் கப்பல் கொடுத்த மேலங்கியுமாக நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். என் மடித்த பேன்ட் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். இடுப்பு சற்றுப் பெரிதாக இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். நான் சீட்டைக் காட்டி என் இஸ்திரிப் பெட்டியை வாங்கும் வரிசையில் நின்றேன்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி பற்றிய வரிக்கு மட்டுமாவது தாங்கள் விரைவில் திருத்தம் வெளியிடவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். விடுமுறைக் காலம் தொடங்கவிருப்பதால், அந்தக் கட்டுரையை வெட்டிவைத்துக்கொண்டு பெட்டி அடுக்குகிறவர்கள் இப்போதே இருக்கக்கூடும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்