வரிசையை யாழினியே எழுதட்டும்

அன்புள்ள சாந்திக்கு,

நேற்று போனில் உன் குரல் உடைந்திருந்தது. உன் மகள் யாழினியின் பிளஸ் டூ ரிசல்ட் வந்து மூன்று நாளாகியும் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றாய். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். உன் வீட்டுக்கார அண்ணனிடமும் கொடு, யாழினியும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் நாம் பேச வேண்டியது இதில் ஒன்றுமில்லை.

கணக்கில் 88, இயற்பியலில் 91, வேதியியலில் 86. கணக்கு முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்: 88, 45.5, 43. ஆக 200-க்கு 176.5, இதுதான் பொறியியல் சேர்க்கைக்கான அவளுடைய கட்-ஆஃப். நல்ல மதிப்பெண்தான், சாந்தி. இதை வைத்துக்கொண்டு போன வருடத்துக் கட்-ஆஃப் பட்டியலைத் திறந்து, அண்ணன் ஒவ்வொரு கல்லூரியாக அடித்துக்கொண்டு வருகிறார் என்றாயே, அதை இன்றோடு நிறுத்தச் சொல். கணக்குத் தாள் கடினமாக வந்த வருடம் எல்லோருக்கும் கட்-ஆஃப் இறங்கும், சுலபமாக வந்தால் எல்லோருக்கும் ஏறும். 176.5 எங்கே நிற்கிறது என்பது தரவரிசைப் பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். பழைய பட்டியலில் மதிப்பெண்ணை விட ரேங்க்கைப் பாருங்கள். அதுவும் ஒரு வருடத்தை நம்பாமல், உங்கள் பிற்படுத்தப்பட்டோர் (பிசி) பிரிவில் மூன்று வருடமாகக் கடைசி இடம் எந்த ரேங்க்கில் போயிருக்கிறது என்று பாருங்கள்.

கணக்கில் இன்னும் வந்திருக்க வேண்டும் என்று யாழினி உறுதியாகச் சொன்னால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகல் வந்ததும் அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் கொடுத்து, விடைக்குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். கணக்கில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபும் ஒன்று கூடும், வேதியியலில் ஒன்று கூடினால் அரைதான். பணம் செலவழிப்பதானால் கணக்குக்குச் செலவழியுங்கள். இதற்குத் தருகிற நாட்கள் குறைவு, தேதியைத் தவறவிடாதீர்கள்.

அரசு ரேங்க் வரிசையில் இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உங்களுக்கு 500 ரூபாய். பதிவின்போது கொடுக்கிற போன் நம்பரும் மின்னஞ்சலும் யாழினியுடையதாகவோ உன்னுடையதாகவோ இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்குக் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுவிடுவார். ஜூலையில் கல்லூரிகளை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் போடும் கடைசி நாளில் ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். “நாங்களே ஃபில்லப் பண்ணித் தருகிறோம்” என்று வீடு தேடி வருகிறவர்கள், தங்களை அனுப்பிய கல்லூரியை முதல் வரியில் போட்டுவிட்டுப் போவார்கள்.

சான்றிதழ்களில் இரண்டு விஷயம். யாழினிக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வரும் என்று உன் நாத்தனார் சொன்னதாகச் சொன்னாய். வராது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. அவள் எட்டாவது வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அது கணக்கில் சேராது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஆகஸ்டில் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உங்களுக்கு உண்டு. உங்கள் இருவர் வீட்டுப் பெரியவர்களிலும் யாரும் டிகிரி முடித்ததில்லை, அவள்தான் மூத்தவள். இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார். ஒரு இனிஷியல் மாறியிருந்தால்கூட சரிபார்ப்பில் நிற்கும். அந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு மட்டும்தான் என்பதை அண்ணன் கவனிக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் இப்போதே சேர்த்துவிடலாம் என்று அவர் துடிக்கிறாரே, அப்படிச் சேர்த்தால் கூடுதல் கட்டணத்தோடு இந்தச் சலுகையும் போகும்.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்று முன்பணம் கேட்டு தினமும் போன் செய்கிறது என்றாய். கட்டுவதானால் திரும்பக் கேட்கும் வழியைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் ஒரு விதி போட்டது. சேர்க்கைக்கென்று அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், அலுவலகச் செலவுக்கென்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சில வருடங்களில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் யுஜிசி அறிவித்திருக்கிறது. அதனால் அந்தக் கடைசித் தேதி எது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. அசல் அங்கே மாட்டிக்கொண்டால் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரிக்கு எதைக் கொண்டு போவாய்?

இனி விருப்பப் பட்டியல். நான் மனதில் வைத்து எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கலந்தாய்வின் ஒரு சுற்றில் பட்டியல் போட மூன்று நாள் தருவார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழே கம்ப்யூட்டர் படிக்கும். யாழினியின் முறை வரும்போது அவளுடைய முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் பிசி பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டிலும் இல்லையென்றால் அடுத்த வரிக்கு இறங்கும். ஏழாவதில் இடம் இருந்தால் அங்கே நிற்கும். மேலே ஆறு கிடைக்காமல் போனதால் ஏழாவது இடத்துக்கு ஒரு குறையும் வராது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் “சான்ஸ் வீணாகிவிடும்” என்று அண்ணன் சொல்வது தவறு. ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. நிச்சயம் கிடைக்கும் என்று ஒன்றை முதலில் வைத்தால் அதுவேதான் கிடைக்கும். கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே போகாது. அதனால் கிடைக்குமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, எது வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். பட்டியல் நீளமாக இருக்கட்டும். பத்தோடு நிறுத்தினால் எதுவும் கிடைக்காமல், மிச்சம் மீதியோடு அடுத்த சுற்றுக்குப் போக வேண்டி வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவு, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம், கட்டணம், பிசியில் கடைசியாகப் போன ரேங்க், நேரில் பார்த்தது என்று ஆறு பத்தி போடு. பெயரை நம்பாதே, ஒரே பெயரில் இரண்டு ஊரில் கல்லூரி இருக்கும். குறியீட்டை வைத்து எழுது. ஒரே கல்லூரியில் ஒரே பிரிவு இரண்டு வரியாகவும் வரும். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் குறியீடு 2006, அதில் சில பிரிவுகளுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருக்கும். அது சுயநிதி இடம், அரசு உதவி பெறும் இடத்துக்கும் அதற்கும் கட்டணம் வேறு.

நோட்டில் முதலில் எழுத வேண்டியது யாழினி. நீங்கள் மூவரும் தனித்தனித் தாளில் பதினைந்து கல்லூரி எழுதுங்கள், பக்கத்துத் தாளைப் பார்க்காமல். பிறகு சேர்த்து வையுங்கள். நினைத்ததைவிட நிறைய பொதுவாக இருக்கும், மாறுபடுகிற நான்கைந்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அண்ணனுக்கு சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) வேண்டும், உனக்கு கோவில்பட்டியிலிருந்து தினம் போய்வருகிற தூரத்தில் வேண்டும், அவளுக்கு ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) மேல் ஆசை. மூன்றும் நியாயம்தான். ஆனால் நான்கு வருடம் அந்த வகுப்பில் உட்காரப் போகிறவள் அவள். கடைசி வரிசையை அவள் முடிவு செய்யட்டும். திணித்த பிரிவில் முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

ஜூனில் இரண்டு வேலை நாள் ஒதுக்கி நான்கைந்து கல்லூரியை நேரில் பாருங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள், அங்கே நேரத்தைக் கழிக்காதீர்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மூன்றாம் வருட மாணவர்கள் நிற்பார்கள். உங்கள் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள், பாதி வருடத்தில் எத்தனை பேர் மாறினார்கள், வேலைக்கு எடுத்த கம்பெனி என்ன சம்பளத்துக்கு எடுத்தது என்று கேளுங்கள். ஹாஸ்டல் என்றால் கழிவறையையும் தண்ணீரையும் நீயே போய்ப் பார். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அதில் வராது, பெயரைக் காணவில்லை என்று பயப்பட வேண்டாம். தரத்தைப் பார்த்துத் தரும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதில்லை, பிரிவுக்குப் பிரிவு தருவது. எந்தப் பிரிவுக்கு என்று கேள். புதுப் பெயரில் வந்திருக்கும் பிரிவு என்றால், இதுவரை எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கிறது என்று கேள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் உறுதி செய்ய இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் பத்தும் பேசி முடிவெடுக்க முடியாது, இப்போதே பேசி வையுங்கள். கிடைத்ததே போதும் என்றால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’. நேராகக் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். இது கையில் இருக்கட்டும், மேலே உள்ளது காலியானால் அதற்குப் போகிறேன் என்றால் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’. இதற்குக் கல்லூரிக்குப் போகாமல் கலந்தாய்வு உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையிலிருப்பதும் போகும். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழையது தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் பட்டியலில் உண்மையான விருப்ப வரிசை வேண்டும் என்கிறேன். ‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ என்றால் கையிலிருப்பதை விட்டுவிட்டுக் காத்திருப்பது. யாழினிக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதையுமே உறுதி செய்யாமல் இரண்டு நாளைக் கடத்தினால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும். அந்த வாரம் கல்யாணம், காதுகுத்து என்று யாரும் வெளியூர் போக வேண்டாம். முதல் தவணைப் பணமும் ஜூலை முதல் தேதிக்குள் வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.

ஐம்பது ரூபாயில் இன்னொரு கதவையும் திறந்து வை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஐந்து கல்லூரி வரை தேர்வு செய்யலாம். மே மாதத்திலேயே முடிந்துவிடும். பிஎஸ்சி இயற்பியலுக்குப் போட்டு வை. இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே அந்தப் பிள்ளைக்கு மூச்சு சீராகும்.

வீட்டைப் பற்றி. உறவுக்காரர்களின் போனை இனி ஒருவர் மட்டும் எடுங்கள், அது அண்ணனாக இருக்கட்டும். “கவுன்சலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறோம், ரேங்க் வந்ததும் சொல்கிறோம்” என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச வேண்டாம். யாழினியை போனுக்குக் கூப்பிடாதே. காலேஜ் பேச்சுக்கு இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நேரத்தில் அந்த நோட்டு அலமாரியில் இருக்கட்டும். அவள் லேப்டாப் முன்னால் உட்காரும்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்காதே, சாந்தி. நீ விடுகிற பெருமூச்சு அவள் கழுத்தில் படும். பணத்தைப் பற்றி நீயும் அண்ணனும் பேசுவதை அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது பேச வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், தூக்கம் இல்லை, “என்னால்தான் உங்களுக்குக் கஷ்டம்” என்கிறாள் என்றாயே, அதை வயசுக் கோபம் என்று விட்டுவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இரவானாலும் மருத்துவ உதவி எண் 104-க்கோ மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய், இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உனக்கே தாங்க முடியாவிட்டாலும் அதே எண்ணுக்கு நீயும் பேசலாம்.

திங்கட்கிழமை முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. தரவரிசை வந்ததும் யாழினியை ரேங்க் எண்ணோடு எனக்குப் பேசச் சொல். பெரியம்மா திட்ட மாட்டேன் என்றும் சொல்.

அன்புடன்,
கல்யாணி