சக்தி மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஜாஸையும் நம் நாட்டுச் சாஸ்திரிய இசையையும் கலந்து வாசித்த சக்தி குழுவின் இசையை, இசைத்தட்டில் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று அழைத்தபோது, "ஜாஸ் கேட்க நம்ம ஊர்ல யார் வருவா?" என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் அன்று கூடுதலாகப் பாய் விரித்தும் இடம் போதவில்லை. வந்தவர்களுக்கும் கைகொடுத்தவர்களுக்கும் நன்றி.

முதல் நன்றி, 1976இல் வெளிவந்த சக்தியின் முதல் இசைத்தட்டை நம்பிக் கொடுத்த ஐயாவுக்கு. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது அது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் அரங்கை அதிரவைத்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு எல். சங்கர் (வயலின்), ஜாகிர் உசேன் (தபலா), ராம்நாட் ராகவன் (மிருதங்கம்), விக்கு விநாயக்ராம் (கடம்) ஆகியோரோடு தரையில் அமர்ந்த காலம்.

வீணை ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அவருக்கென்று செய்த கிட்டாரில், விரல் பதிக்கும் பலகையின் மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்திருந்தார்கள். குறுக்கே ஏழு சுருதித் தந்திகள். அந்தக் குடைவு கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு, எப்படி உதவும் என்பதை அம்மா தன் வீணையில் இழுத்துக் காட்டிய பிறகுதான் பலருக்கும் பிடிபட்டது.

ஆனாலும் அன்றைய நாயகன் கடம்தான். மானாமதுரைக் கடத்தோடு வந்து, அதன் வாயைத் தன் வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசித்துக் காட்டிய தம்பிக்குத் தனி நன்றி. சபாக் கச்சேரியில் உபபக்கவாத்தியமாக, அதாவது மிருதங்கத்துக்கு அடுத்த துணைத் தாளமாக, தன் முறைக்குத் தனி ஆவர்த்தனம்வரை (தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதிவரை) காத்திருக்கும் பானை, சக்தியில் கிட்டாருக்குச் சமமாகப் பதில் சொன்னது. இந்தக் குழுவின் பெரிய சாதனை என்று நான் சொல்வது இதைத்தான். கிராமி இசை விருதெல்லாம் அப்புறம்.

மூன்று ஆல்பங்களோடு அந்த முதல் அணி கலைந்தது. 1997இல் தொடங்கிய மறுவரவில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், கஞ்சிராவோடு விக்குவின் மகன் செல்வகணேஷும், பாட ஷங்கர் மகாதேவனும் சேர்ந்தார்கள். 2014இல் ஸ்ரீநிவாஸ் காலமானார். 2023 ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் பாயும் மறைந்தார். அவர் தபலாவை நிறுத்தாமல் முழுதாகக் கேட்கவிட்ட சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கு நன்றி. வாடகையே வாங்கவில்லை அவர்.

சுக்குக் காபி போட்ட அக்காக்களுக்கும், கடைசிவரை நின்று பாய் சுருட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி. இசைத்தட்டு கீறல் இல்லாமல் ஐயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி ஒன்று எங்களிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.