பதினான்கு வரைவுகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சொந்தப் பெயரில் வலைப்பூ எழுதப்போகிறேன் என்று நீ சொல்லி எட்டு மாதம் ஆகிறது. தலைப்பு வைத்தாயிற்று, எழுத்துரு தேர்ந்தெடுத்தாயிற்று, நிறத்தை மூன்று தடவை மாற்றியாயிற்று. கணினியில் 14 வரைவுகள் பாதியில் கிடக்கின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. தொட்டில் கட்டிப் பெயரும் வைத்தாகிவிட்டது, பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

"நான் எழுதி யாருப்பா படிக்கப்போறாங்க? எழுதத் தெரிஞ்சவங்க எல்லாத்தையும் எழுதி வச்சுட்டாங்க" என்றாய். எனக்குப் பதில் எப்போதுமே ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். அதனால் இந்தக் கடிதம்.

நம்மைவிடத் தெரிந்தவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூசுவதற்கு நம் மொழியில் ஒரு பெயரே இருக்கிறது: அவையடக்கம். கம்பர் அதில் என்ன சொல்கிறார்? பாற்கடலைக் கண்ட பூனை, மொத்தத்தையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று இறங்கியதைப்போலத்தான் நானும் இந்தக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டேன் என்கிறார். கம்பரே அப்படிச் சொன்னால் நான் எம்மாத்திரம் என்று நீ கேட்பாய், தெரியும். ஆனால் நான் கவனிப்பது, அந்தக் கூச்சத்துக்கு அவர் எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதை. ஒரு சில பாட்டு, அவ்வளவுதான். அப்புறம் ஆற்றுப்படலத்துக்குப் போய், வெளுத்த மேகம் கடலை மேய்ந்து கறுத்துத் திரும்புவதைப் பாட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பூனை பத்தாயிரம் பாட்டுக்கு மேல் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. நீயோ எட்டு மாதமாக அவையடக்கம் மட்டுமே பாடிக்கொண்டிருக்கிறாய்.

தப்பு வந்துவிடுமோ என்று பயப்படுகிறாய் அல்லவா? அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. 27 வருடம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு புத்தகம் வந்தது. மூன்று தடவை படித்தேன். ஒற்று, சந்தி, காற்புள்ளி ஒன்றையும் விடவில்லை. ஃபாரம் எல்லாம், அதாவது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தாள்கள், அச்சாகி, மடித்து, தைத்து முடித்த பிறகு பைண்டர் வந்து முதல் பக்கத்தைக் காட்டினார். 'முன்னுரை' என்று இருக்க வேண்டிய இடத்தில், கட்டை விரல் பருமன் எழுத்தில் 'முன்னுறை'. பொடி எழுத்தைத் துழாவுகிற கண், பெரிய எழுத்தைச் சும்மா தாண்டிப் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு முறையாவது நடப்பதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

1,200 பிரதிகள். 'பிழை – திருத்தம்' என்று சின்னச் சீட்டு அடித்து, நானும் பைண்டரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். விரலெல்லாம் பசை. காலையில் வந்த ஆசிரியர் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உறைன்னு போட்டா உள்ளே கத்தி இருக்குன்னு நினைச்சுப் படிப்பாங்கய்யா, விடுங்க" என்றார். புத்தகம் விற்றது. முன்னுரையில் பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. உனக்கு அந்தச் சீட்டு ஒட்டுகிற வேலைகூடக் கிடையாது. தப்பு என்று தெரிந்த நிமிடமே திருத்திக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் அது கிடைத்திருந்தால் என் தலைமுடி இவ்வளவு சீக்கிரம் நரைத்திருக்காது.

யார் படிப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலில் நாலு பேர். அந்த நாலு பேரில் இரண்டு பேர் நாங்கள்.

எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டியின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு நீ எழுதி அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? பாட்டி தூக்கத்திலும் போர்வை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள், ராத்திரி மூன்று மணிக்கு அது நின்றபோது பயந்து எழுந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டு விழித்திருந்தாள் என்று எழுதியிருந்தாய். சாவைப் பற்றி எத்தனையோ ஃபாரம் படித்துத் திருத்தியவன் நான். அந்தப் போர்வை நுனி எதிலும் இல்லை. அது நீ பார்த்தது. நீ எழுதாவிட்டால் அது இல்லாமலே போயிருக்கும்.

பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் மோந்தேன் 1580இல் தன்னையே பொருளாக வைத்து எழுதி வெளியிட்டபோது, அந்த எழுத்துக்கு வைத்த பெயருக்கு 'முயற்சி' என்றுதான் அர்த்தம். அதோடு விட்டாரா? அச்சான பிரதியின் ஓரங்களில் கடைசி வரை சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். எங்களைப் போன்ற அச்சுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட ஆசிரியர் ஒரு தலைவலி. ஆனால் எழுதி முடித்த பிறகுதான் வெளியிடுவேன் என்று உட்கார்ந்திருந்தால் அவர் எங்கே வெளியிட்டிருப்பார்?

உன் தயக்கங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. அடுத்தவர் கதை வருகிற இடத்தில் உன் கை நிற்கிறது என்றாயே, அது நல்ல கை. உன் தோழியின் விவாகரத்து உன் கண் முன்னால் நடந்திருக்கலாம், ஆனாலும் அது அவளுடையது. கேட்டுவிட்டு எழுது, இல்லாவிட்டால் எழுதாதே. பெயரை மாற்றிவிட்டேன் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மற்றபடி, எழுதியதும் ஒரு ராத்திரி ஆறப் போடு. சுடச்சுடப் படித்தால் எழுதியது தெரியாது, எழுத நினைத்ததுதான் தெரியும். மறுநாள் வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடத்தில்தான் வாக்கியமும் இடறியிருக்கும். எழுத்துப்பிழை பார்க்க நாங்கள் கடைசி வரியிலிருந்து மேலே போவோம், கதையில் மனசு ஒட்டாது, எழுத்து மட்டும் கண்ணில் படும். ஒரு ராத்திரி என்றுதான் சொன்னேன், எட்டு மாதம் இல்லை.

அந்தப் 14இல் எது சின்னதோ அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. ஒற்று மட்டும் பார்ப்பேன், கருத்தில் கை வைக்க மாட்டேன். அம்மாவிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். இந்தக் கடிதத்தை நான் எழுத எழுத அவள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். 'விவாகரத்து' என்ற இடத்தில் ஒற்று விட்டிருந்தேனாம், அவள்தான் கண்டுபிடித்தாள்.

அன்புடன்,
அப்பா