தேதி போடாத வரைபடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அம்மாவிடம் தினமும் பேசுகிறாயே. உன் சங்கதி எனக்கு அவள் வாய்வழியாகத்தான் வருகிறது. சரி, அது இருக்கட்டும்.

போன தடவை வந்தபோது என் மேசையில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி ஒரு தாளில் என்னமோ வரைந்துகொண்டிருந்தாய். அதை விட்டுவிட்டுப் போய்விட்டாய். ஸ்கேல் தேடி டிராயரைத் திறந்தபோது கையில் அகப்பட்டது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், காலமானவர்களின் கட்டத்துக்குள் பெருக்கல் குறி, பிள்ளைகள் மூத்தவரில் தொடங்கி இடமிருந்து வலமாக. நம் குடும்பத்தின் மூன்று தலைமுறை. இப்படி உறவுகளைக் காட்டும் குடும்ப வரைபடத்துக்கு ஜீனோகிராம் என்று பெயராம், தேடிப் படித்தேன். கோடுகள் எவ்வளவு சுத்தம்! நாற்பது வருஷம் சர்வேயில் இருந்தவன் சொல்கிறேன், உன் கை நல்ல கை. ஆனால் தேதி போடவில்லை. தேதி இல்லாத வரைபடத்தை நம்பக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? ஆறு நகர்கிறது, வரப்பு நகர்கிறது. என்றைக்கு அளந்தது என்று தெரியாவிட்டால் பார்ப்பவன் அதுதான் எப்போதைக்கும் என்று நினைத்துவிடுவான்.

அளவு இல்லாத படம் வரைபடமே இல்லை என்று அன்றைக்கு உன்னிடம் சண்டை போட்டேன். நீ லண்டன் சுரங்க ரயில் படத்தைக் காட்டினாய். ஹாரி பெக் வரைந்தது, 1933இல் பயணிகள் கைக்கு வந்தது. தூரம், திசை எதுவும் நிஜமில்லை. ஆனால் எந்த நிலையம் எதோடு சேர்கிறது என்பதில் பிசகு கிடையாது. "மனுஷர்களுக்கு இது போதும்பா" என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரே கூரையின் கீழ் நாலு அடி தள்ளி இருப்பவர்களுக்கு நடுவில் கோடே இல்லாமல் போகலாம். நிலம் அளக்கும் எந்தச் செயினை வைத்தும் அதை அளக்க முடியாது.

அப்புறம், மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் உறவைக் கோடு போட்டுக் காட்டிய மொரேனோ என்ற மனநல மருத்துவரைப் பற்றியும் படித்தேன். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊர், அங்கே பெண்பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளி. 1932இல் இரண்டே வாரத்தில் 14 பெண்கள் அங்கிருந்து ஓடிவிட்டார்கள். எல்லோரும் அவர்களுடைய குணத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் யாருக்கு யாரைப் பிடிக்கிறது, யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று கோடு போட்டுப் பார்த்தார். பிடித்தால் சிவப்பு, பிடிக்காவிட்டால் கறுப்பு. யார் ஓடினாள் என்பதற்கான காரணம் அந்தக் கோடுகளுக்குள்ளே இருந்தது. இதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அந்த வேலையை விட்ட வருஷம் கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "பிடிவாதக்காரி, அவள் சுபாவம் அப்படி." கோட்டை நான் பார்க்கவே இல்லை.

உன் படத்தில் பார்த்தேன். கோடு கூடக்கூட நெருக்கம் கூடுதலாம். உனக்கும் தம்பிக்கும் நடுவில் மூன்று கோடு. உனக்கும் அம்மாவுக்கும் இரண்டு. உன்னிடமிருந்து எனக்கு வரும் கோட்டின் நடுவில் குறுக்கே இரண்டு சின்னக் கீறல். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். தெரிந்துகொண்டேன். அதே கீறல் எனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது. தாத்தாவுக்கும் எனக்கும் நடுவிலும் இருக்கிறது. மூன்று கீறலையும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். மூன்றும் ஒரே சதுரத்தில் வந்து முடிகின்றன.

சர்வேயில், புறப்பட்ட கல்லுக்கே சுற்றித் திரும்பி வரும்போது கணக்கு கொஞ்சம் இடிக்கும். சின்னப் பிழையாக இருந்தால் எல்லாப் பக்கங்களுக்கும் நீளத்துக்குத் தகுந்தபடி பகிர்ந்து சரிசெய்வோம். பிழை பெரிதாகிவிட்டால் பகிரக்கூடாது, தப்பு நடந்த இடத்துக்கே போய்த் திரும்ப அளக்க வேண்டும். நான் இத்தனை நாளும் பகிர்ந்துகொண்டே இருந்தேன். கொஞ்சம் உன் மேல், கொஞ்சம் அம்மா மேல், கொஞ்சம் நேரம் சரியில்லை என்று. தப்பு நடந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மாதம், நீ கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். நான் கையை ஆட்டிவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனேன். என் செருப்புச் சத்தம் உனக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஒரு நாள் நீ அழுதது எனக்குக் கேட்டது. அப்போதும் போனேன்.

அந்தக் கீறலைப் போட்டது உன் பென்சில் இல்லை அம்மாடி, நான்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழைய பழக்கம். மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்கிறது. அந்தக் கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, நார் எழும்பி நிற்கிறது. ஒரு முறை அழித்தால் அப்படி ஆகாது. நாலைந்து முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறாய்.

தாளைத் தபாலில் அனுப்பவில்லை, மடித்தால் அந்த இடத்தில் கிழிந்துவிடும். டிராயரிலேயே அட்டை வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அதில் நான் எதையும் தொடவில்லை. வரும்போது தேதி மட்டும் போட்டுவிடு, நீ அதை வரைந்த நாளின் தேதியை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூப்பிடுகிறேன், அம்மா போனிலிருந்து இல்லை, என் நம்பரிலிருந்து. வேலை இருந்தால் எடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

அப்பா