ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரைச் சங்கங்கள் எப்படிப் பயன்படுத்துவது?

ஆசிரியர் அவர்கட்கு,

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளைப் பற்றி வரும் பாராட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புத்தான். எழுதுநராகச் சேர்ந்தார், முகாமையாளரானார், பிராந்திய முகாமையாளராக ஓய்வுபெற்றார். இன்று ஆலய பரிபாலன சபைத் தலைவர், பழைய மாணவர் சங்கப் பொருளாளர், மரண உதவிச் சங்கக் காப்பாளர். பதவிகள் ஒன்றுவிடாமல் வரும். அந்தச் சங்கங்களில் அவர் செய்த வேலை என்ன என்பது மட்டும் வராது. திருகோணமலையில் சங்கம் நடத்துபவர்களுக்கு வேண்டியதோ அதுதான்.

காசாளரின் கணக்குச் சமப்படாமல் கிளையில் அன்றைய நாள் முடியாது. பெட்டகத்தை ஒருவர் தனியே திறக்க முடியாது. இந்தப் பழக்கம்தான் வங்கியாளர் கொண்டுவரும் சொத்து. சங்கப் பணம் பறிபோவதற்குப் பெரிய சூழ்ச்சி தேவையில்லை. தலைவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ புறப்படுமுன் நாலைந்து வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுப் பொருளாளரிடம் கொடுத்தாலே போதும். இரட்டைக் கையெழுத்து என்ற காவல் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூவரின் மாதிரிக் கையொப்பத்தை வங்கியில் பதிந்து, ‘எவரேனும் இருவர்’ என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தால் இந்தச் சங்கடம் வராது. பொதுக்கூட்டம் முடிந்த வாரத்திலேயே கூட்டறிக்கைப் பிரதி, சங்கத்தின் யாப்பு (விதிமுறைகள்), பதிவுச் சான்றிதழ், புதியவர்களின் அடையாள அட்டைகள் ஆகியவற்றோடு வங்கிக்குப் போக வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால், பதவி இழந்தவரின் வீட்டு வாசலில் கையெழுத்துக்காகக் காத்து நிற்க நேரும்.

அடுத்தது வசூல். இந்த மாதச் சந்தாவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாத வசூலை இந்த மாதக் கணக்கில் காட்டி ஓட்டைக்கு ஒட்டுப்போடுவது பழைய உத்தி. ஆண்டறிக்கையில் இது தெரியவே தெரியாது. கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும். பற்றுச்சீட்டு அடிக்கட்டையில் உள்ள திகதியையும் வங்கி வைப்புச் சீட்டில் உள்ள திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி மூன்று நாளிலிருந்து பத்து, இருபது என்று நீண்டால் அங்கே விசாரிக்க வேண்டும். வசூலான காசில் ஒரு ரூபாயும் எடுத்துச் செலவழிக்காமல் முழுவதையும் அடுத்த வங்கி நாளில் வைப்பிலிட வேண்டும். செலவெல்லாம் காசோலையில், சில்லறைச் செலவுக்கு மட்டும் ஒரு நிலையான தொகை. வங்கி மூடியிருக்கும் திருவிழா நாட்களில் இருவர் சேர்ந்து எண்ணி, 5,000 எத்தனை, 1,000 எத்தனை என்று தாள் வாரியாக எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, பையை முத்திரையிட வேண்டும். மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும், அதாவது சங்கக் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டு வித்தியாசங்களைக் காட்டும் பத்திரமும், வேண்டும். கொடுத்த காசோலை ஆறு மாதமாகியும் மாற்றப்படாமல் காலாவதியானதும், வங்கி அறவிட்ட கட்டணம் காசேட்டில் ஏறாமல் விட்டதும் அதில்தான் பிடிபடும்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பயிர்ச்செய்கைக் கடன் கொடுத்து அனுபவப்பட்டவர் என்றால், மாதர் சங்கங்களின் சுழற்சிக் கடன் நிதிக்கு (திரும்பி வரும் தவணைகளையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் நிதி) அவரை அழையுங்கள். பெரும்போக அறுவடைக்குப் பிறகே காசு காணும் வீட்டிடம் வாரத் தவணை கேட்டால், அந்தத் தவணை இன்னொரு நுண்கடனிலிருந்துதான் வரும். வாடைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத வீட்டுக்கும் அதே நிலைதான். வட்டியை விளக்கவும் அவரால் முடியும். 50,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு 24 சதவீதம் என்று சொல்லிக் கொடுத்து, முழுத்தொகைக்கும் 12,000 ரூபாய் வட்டி போட்டு, மாதம் 5,167 ரூபாய் அறவிட்டால், குறைந்து செல்லும் மீதியில், அதாவது இன்னும் கட்ட வேண்டிய முதலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், அது ஆண்டுக்கு 41 சதவீதத்தைத் தாண்டும். இதைக் கரும்பலகையில் மாதம் மாதமாகப் போட்டுக் காட்டினால் ஒப்பமிடுமுன் பெண்கள் கேள்வி கேட்பார்கள்.

வங்கியாளரிடமும் குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். அங்கத்தவர்களை ஊழியர்களாக நினைத்துக் கட்டளையிடுவோர் இருக்கிறார்கள். நிலையான வைப்பு வளர்வதையே சாதனையாகக் காட்டி, மரணக் கொடுப்பனவை வருடக் கணக்கில் ஒரே தொகையில் வைத்திருப்போரும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அவரை நிரந்தரப் பொருளாளராக வைப்பது பிழை. இரண்டு வருடம் ஒழுங்கை ஏற்படுத்தட்டும், இரண்டு இளைஞர்களைப் பழக்கட்டும், பிறகு உள்ளகக் கணக்காய்வாளராக விலகி நிற்கட்டும்.

அவசரமான ஒரு வேலையும் கிடக்கிறது. சம்பூர்ப் பக்கம் 2006 இல் இடம்பெயர்ந்த சங்கங்களின் பழைய கணக்குகளைத் தேட வேண்டும். பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத வைப்புகள் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டப்படி கைவிடப்பட்டவையாகக் கொள்ளப்பட்டு மத்திய வங்கிக்குப் போகும். போனாலும் உரிமை அழிவதில்லை. கணக்கு வைத்திருந்த வங்கியூடாகவே திரும்பக் கோரலாம். சேமிப்புப் புத்தகம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் சங்கப் பதிவை உறுதிப்படுத்தி, தற்போதைய நிர்வாக சபையின் தீர்மானத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கிளையில், எந்தப் பெயரில் கணக்கு இருந்தது என்பதைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். அந்தக் கிளைகளில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் பத்திரிகை ஓர் அறிவித்தல் போட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.