குஸ்தாவ் அடால்ஃப் பற்றி நீ கேட்டது

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை தனியே வரும், குடும்பத்தோடு வந்துவிடு.

சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபை “புராட்டஸ்டண்ட் சபையைக் காக்க வந்த வீரர்” என்று எழுதியிருந்தாய். அவருடைய விசுவாசத்தில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஜெர்மனியில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்கும் மூண்ட முப்பதாண்டுப் போரை (1618–1648) அந்த ஒரு வரிக்குள் அடக்க மனம் வரவில்லை.

1630 கோடையில் சுமார் 13,000 பேரோடு அவர் வட ஜெர்மனியின் பொமரேனியக் கரையில் இறங்கியபோது, ஜெர்மனியின் பெரிய புராட்டஸ்டண்ட் அரசர்கள் ஓடிவந்து வரவேற்கவில்லை. முன்பே களமிறங்கிய டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் (நம் தரங்கம்பாடிக் கோட்டை எழுந்தது இவர் காலத்தில்தான்) கத்தோலிக்கப் படையின் தளபதி டில்லியிடம் தோற்றுத் திரும்பியதைப் பார்த்தவர்கள் அவர்கள். சொந்த மைத்துனரான பிராண்டன்பர்க் அரசரே தயங்கினார். கைகொடுத்தது கத்தோலிக்க பிரான்ஸ்! ஜெர்மனியின் கத்தோலிக்கப் பேரரசரான ஹாப்ஸ்பர்க் வம்சத்தவரின் கை ஓங்கிவிடக் கூடாதென்று, 1631 ஜனவரியில் பிரான்சின் முதன்மை அமைச்சர் கார்டினல் ரிஷ்லியு ஆண்டுதோறும் பணம் தர ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஆறாதது ஜெர்மன் நகரமான மக்டபர்க்தான். மன்னரை நம்பி முதலிலேயே அவர் பக்கம் வந்த நகரம் அது. முற்றுகையைத் தாங்க ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தார். ஆனால் படையோடு மன்னரால் போய்ச்சேர முடியவில்லை. அந்த மே மாதம் டில்லியின் படை உள்ளே புகுந்து, நகரமே எரிந்து, ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள்.

செப்டம்பரில், பிரைட்டன்ஃபெல்டு போரில், டில்லிக்குப் பதில் கிடைத்தது. கூட்டாளிகளான சாக்சன் படை சிதறி ஓட, இடப்பக்கம் திறந்து கிடந்தது. வேறு எந்தப் படையானாலும் அங்கேயே முடிந்திருக்கும். சுவீடன்காரர்களோ சிறுசிறு அணிகளாகப் பழகியவர்கள். சட்டென்று திரும்பி அந்தப் பக்கத்தை அடைத்தார்கள். காலாட்படையோடு கூடவே நகர்த்தக்கூடிய இலகுவான பீரங்கிகளும் கைகொடுத்தன. போர்க்கலையில் அவர் மேதை, மறுபேச்சே இல்லை.

அடுத்த ஆண்டு, 1632 நவம்பர் 16, லுட்சன் போர்க்களம். காலையில் கடும் மூடுபனி. மன்னருக்குக் கிட்டப்பார்வை. பழைய குண்டுக் காயத்தின் வலியால் இரும்புக் கவசம் போட முடியாமல், கடமான் தோல் அங்கியோடு குதிரைப்படைக்கு முன்னே போனவர், பனியில் எதிரிகளுக்கு நடுவே சிக்கிச் சுடப்பட்டார். ஆளில்லாமல் ஓடிவந்த குதிரையைக் கண்டுதான் வீரர்களுக்கு விஷயம் உறைத்தது. ஆனாலும் வெற்றி அவர்களுக்கே. அந்த அங்கி இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 38 வயதுகூட நிறையவில்லை அவருக்கு.

அவருக்குப் பிறகும் போர் 16 ஆண்டுகள் இழுத்தது. சம்பளம் வராத படைகள், சுவீடன் படையும் சேர்த்துத்தான், வழியிலிருந்த ஊர்களைச் சுரண்டித் தின்றன. கொள்ளைபோன களஞ்சியம் எந்தச் சபைக்காரனுடையது என்று எவனும் கேட்கவில்லை. 1648 சமாதானத்தில் மேற்குப் பொமரேனியா சுவீடனுக்குப் போனது. அவர் வராமலிருந்தால் வட ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் அரசுகள் தலைநிமிர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்ற வந்தவருக்கு மக்டபர்க் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் மகள் லைப்சிக்கில்தானே படிக்கிறாள்? லுட்சன் அங்கிருந்து பக்கம்தான். மன்னர் விழுந்த இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எனக்கும் இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்