உழுகிறவர் பெயரும் கணினியில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உழவர்களுக்கான தனி அடையாள எண், டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றில் யாரும் பேசாத குத்தகைதாரர்களைப் பற்றி எழுதுகிறேன். காவிரி டெல்டாவில் இவர்கள் இல்லாமல் சம்பா இல்லை.

கணினி வந்ததில் எங்களுக்கு நன்மை உண்டு. 2018-இல் வந்த உழவன் செயலியில் மானியம், விதை இருப்பு, சந்தை விலை எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. ஆனால் அரசின் கணினி நிலத்தைப் பட்டாவை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. சென்ற சம்பாவில் எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வந்த பெண், வரப்பில் நின்று செல்போனில் சர்வே எண்ணைத் தேடி, பயிரைப் படம் எடுத்தார். திரையில் வந்த பெயர், எப்போதோ சென்னைக்குக் குடிபோய்விட்ட நில உரிமையாளருடையது. நாற்றுவிட்டு, நட்டு, உரத்துக்குக் கடன் வாங்கியவர் சேற்றுக்காலோடு பக்கத்திலேயே நின்றார். "என்ன ரகம்?" என்று மட்டும் அவரிடம் கேட்டார்கள். "ஆயிரத்தொன்பது" என்றார். பெயரைக் கேட்கவில்லை.

இதன் விளைவு சின்னதல்ல. பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உரிமையாளருக்கு மட்டுமே. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலைக் கேட்கும்போது அந்த விதி நின்றுவிடுகிறது. கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான். நெல்லை உரிமையாளர் பெயரில் போட்டுவிட்டு, அவர் கணக்கில் ஏறிய பணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

உரிமையாளர்களின் தயக்கமும் புரிகிறது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டதால், பெயர் பதிவானால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அதனால்தான் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே குத்தகை நடக்கிறது. இந்தப் பயிரைச் சாகுபடி செய்தவர் இன்னார் என்று அந்தப் பருவத்துக்கு மட்டும் பதிந்து, அதை வைத்து நில உரிமை கோர முடியாது என்று அரசு தெளிவாக அறிவித்தால் பலர் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். வயலில் நிற்கும்போதே அந்தப் பெயரையும் செல்போன் எண்ணையும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கோயில் நிலங்களில் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. யார் எத்தனை மா நிலத்தில் சாகுபடி செய்கிறார், எவ்வளவு குத்தகை கட்டினார் என்ற கணக்கும் ரசீதும் கோயில் நிர்வாகத்திடமே இருக்கின்றன. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வருவாய்த் துறையிலும் பதிவேடு இருக்கிறது. இவ்விரண்டையும் அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் ஒப்பிட்டு, அடுத்த சம்பாவுக்குள் கோயில் நிலக் குத்தகைதாரர்களின் பெயர்களையாவது பயிர்க் கணக்கெடுப்பில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துவிட்டால், விடுபட்டவர்கள் அங்கேயே எழுந்து சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.